கையிலிருக்கும் லென்ஸ்களை வைத்து கிராப் சென்சாரா, ஃபுல் ஃப்ரேமா என முடிவு செய்வது எப்படி?

கிராப் சென்சார் கேமராவிலேயே தொடர்வதா, ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுவதா என்ற கேள்விக்கு, முதல் முறையாகக் கேமரா வாங்குபவருக்குச் சொல்லும் விடையும், ஏற்கெனவே நான்கைந்து லென்ஸ்கள் வைத்திருப்பவருக்குச் சொல்லும் விடையும் ஒன்றாக இருக்க முடியாது. முதலாமவர் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற லென்ஸ்களைத் தேடிக்கொள்ளலாம். இரண்டாமவருக்கோ, பையில் இருக்கும் ஒவ்வொரு லென்ஸும் புதிய பாடியில் பொருந்துமா, பொருந்தினாலும் இதுவரை செய்துவந்த வேலையையே செய்யுமா, செய்யாவிட்டால் அந்த இடத்தை நிரப்ப என்ன வாங்க நேரும் என்பவைதான் உண்மையான கேள்விகள். பாடியின் விலை இந்தக் கணக்கில் ஒரு பகுதி மட்டுமே; பல நேரங்களில் அது சிறிய பகுதி.

முதலில் அளவுகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ. அளவுள்ளது; 35 மி.மீ. ஃபிலிமில் பதிந்த படச்சட்டத்தின் அளவும் அதுவே. கிராப் சென்சார் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஏபிஎஸ்-சி வகை, நிக்கான், சோனி, ஃபுஜிஃபிலிம், பென்டாக்ஸ் கேமராக்களில் ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ. ஆகவும், கேனானில் சற்றுச் சிறிதாக 22.3×14.9 மி.மீ. ஆகவும் இருக்கும். ஃபுல் ஃப்ரேமின் மூலைவிட்டத்தை இவற்றின் மூலைவிட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் 1.5, 1.6 ஆகிய எண்களைத்தான் கிராப் ஃபேக்டர் என்கிறோம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் அந்த எண் 2. பரப்பளவைக் கணக்கிட்டால் வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும்: ஃபுல் ஃப்ரேம் சென்சார் 1.5 வகையைவிட ஏறத்தாழ 2.35 மடங்கும், கேனானின் 1.6 வகையைவிட 2.6 மடங்கும் பெரியது.

லென்ஸ் பட்டியலை எழுதுங்கள்

லென்ஸ் வழியாக வரும் ஒளி, சென்சார் இருக்கும் தளத்தில் ஒரு வட்டமாக விழுகிறது. ஃபுல் ஃப்ரேம் முழுவதையும் அந்த வட்டம் மூட வேண்டுமானால் அதன் விட்டம் குறைந்தது 43.3 மி.மீ. இருக்க வேண்டும், ஏபிஎஸ்-சிக்கு 28 மி.மீ. அளவே போதும். கிராப் சென்சாருக்கென்றே செய்யப்பட்ட லென்ஸ்கள் சிறியனவாகவும் விலை குறைவாகவும் இருப்பதற்கு இந்தச் சிறிய வட்டம் ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஒரு தாளில் உங்கள் லென்ஸ்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது எந்த வட்டத்துக்குச் செய்யப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதை அறிய லென்ஸின் பெயரிலுள்ள எழுத்துகளே போதும். கேனானில் இஎஃப்-எஸ், இஎஃப்-எம், ஆர்எஃப்-எஸ் என்று இருந்தால் கிராப் லென்ஸ். வெறும் இஎஃப் அல்லது ஆர்எஃப் என்று இருந்தால் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ். நிக்கானில் டிஎக்ஸ் என்ற குறி இருந்தால் கிராப். அது இல்லாவிட்டால் ஃபுல் ஃப்ரேம். சோனியின் இ-மவுண்டில் (மவுண்ட் என்பது லென்ஸ் பாடியில் பொருந்தும் இணைப்பு) பெயர் எஃப்இ என்று தொடங்கினால் ஃபுல் ஃப்ரேம், இ என்று மட்டும் இருந்தால் கிராப். அந்நிறுவனத்தின் பழைய ஏ-மவுண்டில் டிடி என்பது கிராப் குறி. பென்டாக்ஸில் டிஏ கிராப் லென்ஸ்களுக்கும், எஃப்ஏ, டி எஃப்ஏ ஆகியவை ஃபுல் ஃப்ரேம் லென்ஸ்களுக்கும் உரியவை. சிக்மாவில் டிசி கிராப், டிஜி ஃபுல் ஃப்ரேம். டாம்ரானில் டிஐ-2 கிராப், டிஐ ஃபுல் ஃப்ரேம். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கான டிஐ-3, சில பழையவை தவிர, ஃபுல் ஃப்ரேமாகவும், அதன் இறுதியில் ஏ சேர்ந்தால் கிராப்பாகவும் கொள்ள வேண்டும். ஃபிலிம் காலத்து 35 மி.மீ. எஸ்எல்ஆர் லென்ஸ்கள் அனைத்தும் ஃபுல் ஃப்ரேம் வட்டம் கொண்டவை.

இந்தப் பட்டியலை எழுதி முடிக்கும்போதே பலருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஐந்து லென்ஸ்களில் நான்கு கிராப் வகையாக இருந்தால், நீங்கள் யோசிப்பது பாடி மாற்றத்தைப் பற்றி அன்று, ஏறக்குறைய முழுத் தொகுப்பையும் புதிதாக வாங்குவதைப் பற்றி.

பொருந்துவதும் வேலை செய்வதும்

ஒரே மவுண்டுக்குள் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் கிராப் பாடியில் எப்போதும் பொருந்தும், எதிர்த்திசையில்தான் சிக்கல். அதுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகிறது என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியுள்ளது.

கேனான் 1987-இல் கொண்டுவந்த இஎஃப் மவுண்டில் 2003-இல் இஎஃப்-எஸ் லென்ஸ்களைச் சேர்த்தது. இவற்றின் பின்பகுதி பாடிக்குள் சற்று ஆழமாக நீளுவதால், ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆருக்குள் ஒளியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் பெரிய கண்ணாடியில் இடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் அந்தப் பாடிகளில் இவற்றைப் பொருத்தவே முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். ஆனால் 2018-இல் வந்த ஆர்எஃப் மவுண்ட் மிரர்லெஸ் பாடிகளில் கேனானின் அடாப்டர் வழியாக இஎஃப், இஎஃப்-எஸ் இரண்டும் பொருந்தும், தானியங்கிக் குவியமும் இயங்கும்; இஎஃப்-எஸ் லென்ஸ் என்றால் ஃபுல் ஃப்ரேம் பாடி தானாகவே, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் கிராப் முறைக்கு மாறிக்கொள்ளும். இஎஃப்-எம் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. அந்த மவுண்டில் லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி 18 மி.மீ., ஆர்எஃப்பில் 20 மி.மீ. என்பதால், இடையில் ஓர் அடாப்டரை நுழைக்க இடமே இல்லை.

நிக்கானில் டிஎக்ஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் தடையின்றிப் பொருந்தும். பாடி அதைக் கண்டறிந்து படத்தின் நடுப்பகுதியை மட்டும் பதிவு செய்யும். இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைத்து, லென்ஸின் வட்டம் உண்மையில் எவ்வளவு பெரியது என்று சோதிக்கவும் அங்கே இடமுண்டு. சில கிராப் லென்ஸ்கள் எதிர்பார்ப்பதைவிடப் பெரிய வட்டத்தைத் தருகின்றன: நிக்கானின் 35 மி.மீ. எஃப்/1.8 டிஎக்ஸ் லென்ஸ், மூலைகள் இருண்டாலும் ஃபுல் ஃப்ரேமின் பெரும்பகுதியை மூடிவிடும். டோக்கினாவின் 11-16 மி.மீ. லென்ஸை 16 மி.மீ. முனையில் வைத்து ஃபுல் ஃப்ரேமில் பயன்படுத்துபவர்கள் உண்டு. இவை எதிர்பாராமல் கிடைக்கும் நன்மைகள். இவற்றை நம்பிப் பாடி வாங்கக் கூடாது.

நிக்கானில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் குவிய மோட்டார் கிடையாது. பாடியிலுள்ள மோட்டார்தான் ஒரு திருகு வழியாக அவற்றை இயக்கும். டி3000, டி5000 வரிசைக் கிராப் பாடிகளில் அந்த மோட்டார் இல்லாததால், ஏஎஃப்-டி லென்ஸைக் கையால் திருகியே குவியப்படுத்தி வந்திருப்பீர்கள். ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆருக்கு மாறினால் அதே லென்ஸ் தானாகக் குவியத் தொடங்கும். அதற்கு மாறாக, ஃபுல் ஃப்ரேம் இசட் மிரர்லெஸ்ஸுக்கு மாறினால், நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்தத் திருகு இல்லாத காரணத்தால் கையால் குவியப்படுத்தும் நிலையே தொடரும். உள்மோட்டார் கொண்ட ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-ஐ, ஏஎஃப்-பி லென்ஸ்கள் மட்டுமே அங்கே தானாக இயங்கும். இரண்டுமே ஃபுல் ஃப்ரேம்தான் என்றாலும், ஏஎஃப்-டி லென்ஸ்கள் நிறைய வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

சோனியில் நிலைமை எளிது. 2010-இல் கிராப் கேமராக்களுடன் தொடங்கிய இ-மவுண்டிலேயே 2013 முதல் ஃபுல் ஃப்ரேம் பாடிகளும் வருகின்றன. எல்லா லென்ஸ்களும் எல்லாப் பாடிகளிலும் பொருந்தும். பென்டாக்ஸில் 2016-இல் வெளியான கே-1 ஃபுல் ஃப்ரேம் பாடி, டிஏ லென்ஸ்களைக் கிராப் முறையில் ஏற்றுக்கொள்கிறது.

ஃபுஜிஃபிலிம் எக்ஸ் மவுண்டும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸும் தனிக் கதை. இவற்றில் ஃபுல் ஃப்ரேம் பாடியே கிடையாது. ஃபுஜியின் பெரிய சென்சார் ஜிஎஃப்எக்ஸ் கேமராக்கள் வேறு மவுண்டு கொண்டவை. பானசோனிக்கின் ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள் எல்-மவுண்டில் இருக்கின்றன. ஆகவே இந்த இரண்டு வகையினருக்கும் ஃபுல் ஃப்ரேம் என்பது, இருக்கும் லென்ஸ்கள் அனைத்தையும் விற்றுவிட்டு வெறும் கையோடு தொடங்குவதாகும். மிக அழுத்தமான காரணம் இல்லாமல் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிராப் முறையில் மிஞ்சும் மெகாபிக்சல்

"இருக்கும் கிராப் லென்ஸ்களை ஃபுல் ஃப்ரேமில் போட்டுச் சில காலம் ஓட்டிக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அது எந்தப் பாடி என்பதைப் பொறுத்தது. கிராப் முறையில் மிஞ்சும் மெகாபிக்சலைக் கணக்கிட, பாடியின் மெகாபிக்சலை 2.25-ஆல், கேனானாக இருந்தால் 2.56-ஆல், வகுத்தால் போதும். 24 மெகாபிக்சல் பாடியில் ஏறத்தாழ 10.5 மிஞ்சும், கேனானில் 9.4 தான். 33 மெகாபிக்சலில் 14-க்கு மேல், 45-இல் 20-ஐ ஒட்டி, கேனானின் 45-இல் 17-க்கு மேல், 61-இல் 26-க்கு மேல்.

அதாவது 24 மெகாபிக்சல் கிராப் கேமராவிலிருந்து 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமுக்கு மாறி, பழைய கிராப் லென்ஸ்களையே பயன்படுத்துபவர், பெரிய பாடியைச் சுமந்துகொண்டு பாதிக்கும் குறைவான நுணுக்கம் கொண்ட படங்களை எடுப்பார். மாறிச் செல்லும் வழிகளிலேயே பயனற்றது இதுதான். 45 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட பாடியாக இருந்தால் மட்டுமே, கிராப் லென்ஸ்களை வைத்துக்கொண்டு மெதுவாக ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளும் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவரும்.

வீடியோ எடுப்பவர்கள் அகலத்திலுள்ள பிக்சல்களைக் கணக்கிட வேண்டும். 4கே வீடியோவின் அகலம் 3840 பிக்சல். 24 மெகாபிக்சல் சென்சாரின் அகலம் 6000 பிக்சல் எனில், 1.5 கிராப் முறையில் 4000 மிஞ்சுவதால் 4கே சரியாக அமையும். 20 மெகாபிக்சல் சென்சாரின் 5472 பிக்சல் அகலத்தை 1.6-ஆல் வகுத்தால் 3420 மட்டுமே வருகிறது. உண்மையான 4கேக்கு அது போதாது.

ஒவ்வொரு லென்ஸும் என்ன வேலை செய்கிறது?

இப்போது பட்டியலில் மூன்றாவது நெடுவரிசை ஒன்றைச் சேருங்கள். லென்ஸின் பெயரிலுள்ள குவியத் தூரத்தை (மி.மீ. எண்ணை)க் காட்டிலும், உங்கள் கையில் அது என்ன வேலை செய்கிறது என்பதே முக்கியம். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 1.5 கிராப் கேமராவில் ஃபுல் ஃப்ரேமின் 75 மி.மீ. லென்ஸ் போன்ற காட்சிக் கோணத்தைத் தருகிறது. அதை நீங்கள் முகங்களைப் படமெடுக்கவே பயன்படுத்தி வந்திருப்பீர்கள். ஃபுல் ஃப்ரேமில் அதுவே சாதாரணக் கோணம் கொண்ட பொதுப்பயன் லென்ஸாகிவிடும். போர்ட்ரெய்ட் வேலைக்கு 85 மி.மீ. ஒன்று தேவைப்படும். லென்ஸ் பொருந்திவிட்டது, ஆனால் வேலை காலியிடமாகிவிட்டது.

24-70 மி.மீ. எஃப்/2.8 ஃபுல் ஃப்ரேம் ஜூமைக் கிராப் பாடியில் பயன்படுத்துபவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவருக்கு அது 36-105 மி.மீ. போலவே நடந்துகொண்டிருக்கிறது, சிறிய அறைக்குள் பின்னால் நகர இடமில்லாமல் தவிப்பவர் அவர்தான். தாம் விலை கொடுத்து வாங்கிய அகலக் கோணத்தை அவர் இதுவரை கண்டதே இல்லை. 16-35, 24-70, 35 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) போன்றவை பையில் அதிகமாக இருப்பவர்களுக்குத்தான் ஃபுல் ஃப்ரேம் பாடி உண்மையான லாபம். ஒரே ஒரு பாடியை வாங்கினால் மூன்று லென்ஸ்களும் ஒரே நாளில் அகலமாகின்றன.

மிரர்லெஸ் கிராப் பாடியும் டிஎஸ்எல்ஆர் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ்களும் வைத்திருப்பவருக்கு இடைவழி ஒன்று உண்டு. மெட்டாபோன்ஸ் நிறுவனம் 2013-இல் ஸ்பீட் பூஸ்டர் என்ற பெயரில் கொண்டுவந்த வகை அடாப்டர், லென்ஸின் பெரிய ஒளி வட்டத்தைச் சுருக்கிச் சிறிய சென்சாரின் மேல் விழச் செய்கிறது. 0.71 மடங்குச் சுருக்கத்தில் 24 மி.மீ. ஏறத்தாழ 17 ஆகிறது. ஒளியும் ஒரு ஸ்டாப் கூடுகிறது, அதாவது இரு மடங்காகிறது. கிராப் ஃபேக்டர் 1.5 என்பது ஏறக்குறைய 1.07-க்கு இறங்கிவிடுவதால் ஃபுல் ஃப்ரேமின் கோணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். தானியங்கிக் குவியத்தின் வேகம் லென்ஸைப் பொறுத்து மாறும் என்பதால், வாங்குமுன் உங்கள் லென்ஸிலேயே பொருத்திப் பார்ப்பது நல்லது. டிஎஸ்எல்ஆர் கிராப் பாடிகளில் கண்ணாடிக்கு இடம் தேவை என்பதால் இதற்கு வழியில்லை.

எஃப் எண்ணையும் அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள்

கிராப் ஃபேக்டரால் குவியத் தூரத்தை மட்டும் பெருக்கிவிட்டு அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்ணை, அப்படியே விட்டுவிடுவது பரவலான வழக்கம். வெளிச்ச அளவீட்டுக்கு அது சரிதான்: எஃப்/2.8 எந்தச் சென்சாரிலும் எஃப்/2.8-ஆகவே அளக்கப்படும், ஷட்டர் வேகம் மாறாது. ஆனால் படத்தின் தோற்றத்தை ஒப்பிட வேண்டுமானால், அதாவது ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் எடுத்த இரு படங்களில் பின்புலம் எவ்வளவு மங்குகிறது, படம் முழுவதற்குமாக எவ்வளவு ஒளி சேர்கிறது என்று பார்க்க வேண்டுமானால், எஃப் எண்ணையும் கிராப் ஃபேக்டரால் பெருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு பணத்தை மிச்சப்படுத்தும். கிராப் பாடியில் 17-50 மி.மீ. எஃப்/2.8 ஜூம் வைத்திருப்பவர், ஃபுல் ஃப்ரேமுக்குச் செல்லும்போது விலையும் எடையும் மிகுந்த 24-70 எஃப்/2.8-ஐத்தான் வாங்க வேண்டும் என்று எண்ணிவிடுகிறார். அவருடைய பழைய ஜூம் ஃபுல் ஃப்ரேம் கணக்கில் ஏறத்தாழ 25-75 மி.மீ. எஃப்/4.2-க்குச் சமம். எனவே 24-70 அல்லது 24-105 எஃப்/4 ஜூமே அவர் இழந்ததை முழுமையாக ஈடுகட்டிவிடும்; எஃப்/2.8 வாங்கினால் அது கூடுதல் வசதி, ஈடு அன்று. இதேபோல் கிராப்பின் 10-20 மி.மீ. வைட் ஜூமுக்கு ஃபுல் ஃப்ரேமில் 16-35 எஃப்/4 போதும்.

படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸ் விஷயத்திலும் இதே அளவுகோல்தான். ஒரே தலைமுறைச் சென்சார்களாக இருந்தால், ஃபுல் ஃப்ரேமில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 6400-இல் எடுத்த படத்தின் நாய்ஸ், 1.5 கிராப்பில் ஐஎஸ்ஓ 2700 அளவில் எடுத்த படத்துடையதை ஒத்திருக்கும். ஒன்றே கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவான இந்த லாபம், அப்பர்ச்சரைத் திறந்தே வைத்து மங்கிய வெளிச்சத்தில் நிகழ்ச்சிகளைப் படமெடுப்பவருக்கு மதிப்புள்ளது.

ஆனால் முன்னும் பின்னும் எவ்வளவு தொலைவு வரை காட்சி தெளிவாக இருக்கிறது என்ற தெளிவு ஆழம் தேவைப்படும் வேலைகளில் அந்த லாபம் கரைந்துவிடுகிறது. கிராப் பாடியில் எஃப்/8-இல் கிடைத்த தெளிவு ஆழத்தை ஃபுல் ஃப்ரேமில் பெற எஃப்/12 அளவுக்கு மூட வேண்டும். அதே ஷட்டர் வேகத்தை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஐஎஸ்ஓ அந்த அளவுக்கு உயர்ந்து, நாய்ஸ் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, குறைந்த ஐஎஸ்ஓவில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே அங்கே பெரிய சென்சாரின் நன்மை முழுதாகக் கிடைக்கும். கையில் பிடித்தபடி கூட்டத்தில் பலரை ஒருசேரத் தெளிவாக எடுக்க வேண்டியவருக்கு இரண்டு சென்சார்களுக்கும் இடையே நினைக்கும் அளவு வேறுபாடு இருக்காது.

தொலைவிலுள்ளதை எடுப்பவர்களுக்கு

பறவைகள், விலங்குகள், விளையாட்டுப் போட்டிகள் ஆகியவற்றை எடுப்பவர்களிடம் 70-300 அல்லது 100-400 மி.மீ. லென்ஸ் ஒன்று இருக்கும். கிராப் பாடியில் அது 450 அல்லது 600 மி.மீ. வரை செல்வதாக அவர்கள் உணர்ந்திருப்பார்கள். லென்ஸ் நீளவில்லை, சட்டம்தான் சுருங்கியது என்று சொல்லி இதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. முடிவு செய்வது பிக்சல்களின் நெருக்கம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 3.9 மைக்ரான், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் 6 மைக்ரான். அதே லென்ஸ், அதே தொலைவு, அதே பறவை என்றால், முதலாவதில் அந்தப் பறவையின் மேல் இரு மடங்குக்கு மேற்பட்ட பிக்சல்கள் விழுகின்றன. 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமிலோ பிக்சல் அகலம் 3.8 மைக்ரானை ஒட்டி இருப்பதால் கிராப் பாடியின் நெருக்கம் அங்கேயும் கிடைத்துவிடும். கூடவே பறக்கும் பறவையைத் தேடிப் பிடிக்கச் சுற்றிலும் கூடுதல் இடமும் கிடைக்கும்.

நெருங்கிச் செல்ல முடியாதவருக்கு, ஃபுல் ஃப்ரேம் நாய்ஸைக் குறைக்கும் என்ற வாதமும் பொருந்தாது. ஃபுல் ஃப்ரேமில் எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பயன்படுத்தினால், கணினியில் நீங்கள் செய்வது கிராப் சென்சார் செய்த அதே வேலை. பறவையிலிருந்து வந்த ஒளியைத் திரட்டியது லென்ஸின் முன் திறப்பு; அந்தத் திறப்பு மாறாதபோது பறவையின் மேலுள்ள நாய்ஸும் பெரிதாக மாறாது. ஃபுல் ஃப்ரேமின் லாபத்தை இங்கே அடைய வேண்டுமானால் இன்னும் நீண்ட, இன்னும் பெரிய லென்ஸ் வாங்க வேண்டும். பாடியைவிட விலையில் பெரியது அது. ஆகவே டெலி லென்ஸே முதன்மை ஆயுதமாக உள்ளவர் கிராப் பாடியிலேயே நின்று, அதே மவுண்டில் விரைவான குவியம் கொண்ட நல்ல கிராப் பாடிக்கு உயர்வதே அறிவுடைமை என்பது என் கருத்து.

சிறிய பொருள்களை மிக அருகில் எடுக்கும் மேக்ரோவிலும் ஏறத்தாழ இதே நிலைதான். 1:1 உருப்பெருக்கத்தில் கிராப் பாடியின் சட்டம் 23.5 மி.மீ. அகலமுள்ள பரப்பைக் காட்டும். ஃபுல் ஃப்ரேம் 36 மி.மீ. காட்டும். 20 மி.மீ. நீளமுள்ள பூச்சி முதலாவதில் சட்டத்தை நிறைத்துவிடும்.

பழைய லென்ஸின் கூர்மை

கிராப் சென்சார் லென்ஸின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவதால், ஃபுல் ஃப்ரேம் லென்ஸின் மங்கலான மூலைகளும் விக்னெட்டிங் எனப்படும் ஓர இருட்டும் வெட்டுப்பட்டுவிடும். ஃபுல் ஃப்ரேமுக்கு மாறிய முதல் வாரத்தில் "என் லென்ஸ் கெட்டுவிட்டதோ" என்று தோன்றுவதற்குக் காரணம், இதுவரை மறைந்திருந்த அந்த மூலைகள் வெளிப்படுவதே. அதே வேளையில், கிராப் சென்சாரின் சிறிய படத்தை அதே அளவுக்கு அச்சிட ஒன்றரை மடங்கு கூடுதலாகப் பெரிதாக்க வேண்டியிருப்பதால், லென்ஸின் நடுப்பகுதியிலுள்ள குறைகளும் பெரிதாகின்றன. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி பாடி ஒரு லென்ஸிடம் கேட்கும் நுணுக்கம், 54 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேட்பதற்கு நிகர். ஃபிலிம் காலத்து 50 மி.மீ. அல்லது 85 மி.மீ. லென்ஸ்கள் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் புத்துயிர் பெற்றதுபோல் தோன்றுவதற்கு இதுதான் காரணம். அத்தகைய லென்ஸ்கள் பையில் நிறைய இருந்தால், அளவான மெகாபிக்சல் கொண்ட ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் பாடி அவற்றுக்குச் சரியான இடம்.

வாங்காமலே சோதித்துப் பார்த்தல்

மேலே சொன்னவை அனைத்தும் கணக்கு. உங்கள் பழக்கத்தோடு அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்க, கடந்த ஓராண்டில் எடுத்து, நன்றாக வந்தது என்று நீங்களே ஒதுக்கிவைத்த படங்களின் மெட்டாடேட்டாவைப் பாருங்கள். லைட்ரூமின் லைப்ரரி பகுதியிலுள்ள மெட்டாடேட்டா ஃபில்ட்டரில் லென்ஸ், குவியத் தூரம், ஐஎஸ்ஓ ஆகியவற்றின்படி படங்களைப் பிரிக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் எக்ஸிஃப்டூல், டிஜிகேம் போன்ற மென்பொருள்களும் இதைச் செய்யும். நல்ல படங்களில் பெரும்பாலானவை ஜூமின் அகல முனையில் முட்டிக்கொண்டு நின்றால் அகலம் உங்களுக்குப் பற்றாக்குறை. நீள முனையில் முட்டினால் ஃபுல் ஃப்ரேம் அந்தப் பற்றாக்குறையை மேலும் கூட்டும். பெரும்பாலான படங்கள் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இருந்தால், நாய்ஸ் குறைவு என்ற காரணத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

உங்கள் லென்ஸ்கள் ஃபுல் ஃப்ரேமில் எப்படித் தெரியும் என்பதைக் கிராப் பாடியிலேயே கண்டுகொள்ளலாம். லென்ஸின் குவியத் தூரத்தைக் கிராப் ஃபேக்டரால் வகுத்து, கேமராவுடன் சேர்ந்து வரும் 18-55 கிட் ஜூமை அந்த எண்ணில் நிறுத்துங்கள். 50 மி.மீ. லென்ஸின் ஃபுல் ஃப்ரேம் கோணத்தைக் காண 33-இலும், 85 மி.மீ. லென்ஸுடையதைக் காண 57-க்கு அருகில் 55-இலும், 35 மி.மீ. லென்ஸுடையதைக் காண 23-இலும் வைக்க வேண்டும். கேனானாக இருந்தால் முறையே 31, 53, 22. ஜூம் வளையத்தை அங்கேயே விட்டுவிட்டுச் சில வாரங்கள் வழக்கமான படங்களை எடுத்துப் பாருங்கள். பின்புல மங்கலை இப்படிச் சோதிக்க முடியாது, கோணத்தை முடியும். கோணம் பிடிக்காமல்தான் பலர் மாறிய பிறகு புதிய லென்ஸ்களைத் தேடி ஓடுகிறார்கள். ஃபுல் ஃப்ரேமிலிருந்து எடை குறைந்த கிராப் பாடிக்கு இறங்க நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் எளிது: பெரும்பாலான ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் பாடிகளின் மெனுவிலேயே கிராப் முறை இருக்கிறது, அதை இயக்கிவிட்டுப் படமெடுக்கலாம்.

எந்தப் பைக்கு எந்த முடிவு?

பட்டியலில் பாதிக்கு மேற்பட்டவை ஃபுல் ஃப்ரேம் லென்ஸ்களாக இருந்து, மெட்டாடேட்டாவில் அகல முனையும் உயர்ந்த ஐஎஸ்ஓவும் அடிக்கடி தென்பட்டால் தயங்காமல் மாறலாம். பெரும்பாலானவை கிராப் லென்ஸ்களாக இருந்தால், மாறுவதற்கு ஆகும் மொத்தத் தொகையைப் பாடி, ஈடுகட்டும் லென்ஸ்கள், அடாப்டர், லென்ஸ்களின் விட்டம் மாறுவதால் புதிதாக வாங்க நேரும் ஃபில்ட்டர்கள் என எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, அதே தொகையில் கிராப் பாடிக்கு எஃப்/1.4 அல்லது எஃப்/1.8 பிரைம் லென்ஸ்கள் எத்தனை வாங்கலாம் என்று ஒப்பிடுங்கள். கிட் ஜூமின் எஃப்/5.6-லிருந்து எஃப்/1.8-க்குச் செல்வது மூன்று ஸ்டாப்புக்கும் கூடுதலான ஒளி; பாடி மாற்றம் தருவதோ ஒன்றே கால் ஸ்டாப். பின்புல மங்கலையும் குறைந்த நாய்ஸையும் தேடி ஃபுல் ஃப்ரேமை நாடுபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு நல்ல பிரைம்.

அகலமும் வேண்டும், டெலியும் வேண்டும் என்பவர், ஒரே மவுண்டில் இரண்டு பாடிகளையும் வைத்துக்கொள்ளலாம். பழைய கிராப் பாடிக்கு மறுவிற்பனையில் கிடைக்கும் தொகை பெரும்பாலும் சிறியது. ஆனால் 70-300 லென்ஸோடு சேர்ந்து அது செய்யும் வேலையை ஃபுல் ஃப்ரேமில் பெற ஆகும் செலவு பெரியது. சோனி இ, நிக்கான் இசட், கேனான் ஆர்எஃப் ஆகிய மூன்று மவுண்டுகளிலும் இப்போது இரண்டு வகைப் பாடிகளும் கிடைப்பதால் இது எளிது.

மாறுவது என்று முடிவானால், லென்ஸை முதலிலும் பாடியைக் கடைசியிலும் வாங்குங்கள். ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் இப்போதைய கிராப் பாடியிலேயே வேலை செய்யும் என்பதால் வாங்கிய நாளிலிருந்து பயன் தரும். அதற்கிடையே பாடியின் விலையும் இறங்க வாய்ப்புண்டு. மவுண்டே மாறுகிறது என்றால் மட்டும் இந்த வரிசையைக் கைவிட்டு, பாடியையும் அடாப்டரையும் ஒன்றாக வாங்கி, உங்கள் லென்ஸ்கள் ஒவ்வொன்றிலும் குவியம், அப்பர்ச்சர், அதிர்வுத் தடுப்பு மூன்றும் இயங்குகின்றனவா என்று திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் சோதித்துவிடுங்கள். பிற நிறுவனங்களின் பழைய லென்ஸ்களில்தான் இங்கே சிக்கல் அதிகம் வரும்; ஃபர்ம்வேர் புதுப்பித்தால் சில சரியாகும், சில ஆகாது. கிராப் லென்ஸ்களையும் பழைய பாடியையும் அந்தச் சோதனை முடிந்த பிறகே விற்பனைக்கு வையுங்கள். இரண்டையும் தனித்தனியாக விற்பதைவிட ஒரு கிட் ஜூமோடு சேர்த்து விற்றால், புதிதாகக் கேமரா பழக விரும்புபவர் விரைவில் வாங்கிக்கொள்வார்.